என் வீட்டுக்காரர் தயார்செய்த அகதி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு பெரிய சண்டை. ஆரம்பித்து வைத்தவன் என் அக்கா மகன் பிரபு. ஜெர்மனியில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கே டிவியில் நடந்த ஒரு விவாதத்தை அனுப்பி, "அசைலம், அகதின்னு வர்றவங்கள்ல பாதிப் பேரு வேலை தேடி வர்றவங்க சித்தி, இவங்களாலதான் எங்க பேரும் கெடுது" என்று எழுதியிருந்தான். அவனும் வேலை தேடிப் போனவன்தான் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. லண்டனில் இருக்கும் நாத்தனார் மகள் பதிலுக்குச் சீறினாள். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் மைத்துனர், கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்று தலை நரைத்த கதையை நூறாவது தடவையாகச் சொன்னார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, "நீங்கதான் கோர்ட்ல இருந்தீங்களே, நீங்க சொல்லுங்க, யாரு நிஜம், யாரு வேஷம்?" என்று என் பக்கம் திரும்பினார்கள்.

நான் கோர்ட்டில் இருந்தது உண்மை. ஆனால் ஜட்ஜாக இல்லை, வக்கீலாகவும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேற்ற வழக்குகள் நடக்கும் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அகதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வருகிறவர் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்லவேண்டும், ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்லவேண்டும். யார் நிஜம், யார் வேஷம் என்று கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. அந்தக் கேள்வி இல்லாமல் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியதை நினைத்தால் இன்றைக்கும் நிம்மதியாக இருக்கிறது.

குழுவில் நான் பதில் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டிச் சொல்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுக்காரி. கணக்கு டீச்சராக இருந்தவள், கல்யாணமாகி ஃப்ரீமான்ட் வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் பல வருடம் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். கிரீன் கார்டு வந்ததும், தமிழும் இங்கிலீஷும் தெரிந்தால் போதும் என்று ஒரு தோழி சொன்னதை நம்பிப் பரீட்சை எழுதினேன். அது போதாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கைத் தமிழர்கள். அவர்கள் வேகமாகப் பேசினால் என் ஈரோட்டுக் காது திணறும். யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவரிடம் வாராவாரம் போனில் பாடம் கேட்டேன். அவர் திட்டுகிற திட்டிலேயே பாதி மொழி வந்துவிட்டது.

முதல் நாள் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஏதோ சொன்னார், நான் "அவர் தனக்குப் பயமாக இருந்தது என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இந்த அறையில் நீங்கள் இல்லை. அவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவர் தும்மினால் மட்டும் விட்டுவிடலாம்."

அன்றிலிருந்து எத்தனையோ பேருடைய 'நான்' என் வாயில் வந்து போயிருக்கிறது. மீனவராக, சலூன்காரராக, கல்லூரிப் பெண்ணாக எல்லாம் பேசியிருக்கிறேன். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாதியில் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களே நல்லபடியாச் சொல்லி விடுங்கோ" என்பார்கள். அதையும் அப்படியே இங்கிலீஷில் கோர்ட்டுக்குச் சொல்லவேண்டும். என் தலையெழுத்து, எனக்கு வந்த சிபாரிசை நானே உரக்க அறிவிப்பேன்.

அந்த ஜட்ஜ் நெட்டையான மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. விசாரணை தொடங்கும் முன் அறையில் இருக்கிற ஒவ்வொருவரையும் காட்டி, இவர் யார், இவர் வேலை என்ன என்று சொல்லுவார். "அவர் அரசாங்கத்து வக்கீல். கடினமான கேள்வி கேட்பார், அது அவர் வேலை, உங்கள்மேல் கோபம் இல்லை." பிறகு, மொழி சரியாகப் புரிகிறதா என்று பார்க்கச் சாதாரணமாக ஒரு கேள்வி: "காலையில் சாப்பிட்டீர்களா?" நம்மவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாலும் "சாப்பிட்டாச்சு ஐயா" என்பார்கள். மூன்று தமிழர்கள் சாட்சிக் கூண்டில் தள்ளாடியதைப் பார்த்த பிறகு, அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். "என்ன சாப்பிட்டீர்கள்?" பதில் வர நேரமானால் கால் மணி நேரம் இடைவேளை விடுவார்.

இனி என் வீட்டுக்காரர் சண்முகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு ஒரு பெருமை உண்டு. சொந்தத்திலும் நட்பிலும் யார் விசா இன்டர்வியூவுக்குப் போனாலும் ஃபைல் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். பிளாஸ்டிக் உறை, கலர் கலராக ஒட்டுத்தாள், ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் தலைப்பு. எல்லாம் முடிந்ததும் ஃபைலின் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பார். பிளசன்டனிலும் ஃப்ரீமான்ட்டிலும் அவர் மஞ்சள் வைத்த ஃபைலோடு விசா வாங்கியவர்கள் பல பேர். வேலை விசா, ஹெச் ஒன், கிரீன் கார்டு எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியும். அசைலம் மட்டும் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மௌரி அவென்யூவில் காய்கறி வாங்கப் போன மனிதர் இரண்டு நண்பர்களோடு எங்கேயோ போய்விட்டு மெதுவாக வந்தார்.

"சிலோன் பையன் ஒருத்தன், மல்லி. அடுத்த வாரம் கோர்ட்ல இன்டர்வியூவாம். பாவம், ஒண்ணுமே prepare பண்ணல. நாங்க மூணு பேரும் உக்காந்து train பண்ணிட்டு வந்தோம்."

"ஏங்க, நிறுத்துங்க. கோர்ட் விஷயம் எதையும் என்கிட்டச் சொல்லாதீங்க. நான் கேக்கக்கூடாது."

"பேர் சொன்னேனா? கேஸ் சொன்னேனா? பொதுவாச் சொன்னேன்" என்று முறைத்துக்கொண்டு டிவி பார்க்கப் போனார். நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சாட்சிக் கூண்டில் ஏறியவர் பெயர் தவராசா என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயது இருக்கும். கடன் வாங்கிய கோட்டு, நன்றாக வாரிய தலை, நெஞ்சோடு அணைத்த ஒரு ஃபைல். அந்த ஃபைலின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. காசு வாங்காமல் அவருக்காக வாதாட வந்த வக்கீல் ஒரு இளம்பெண். பல மாதம் உழைத்து அவரைத் தயார்செய்திருந்தாள். வாதம் எளிமையானது. தவராசாவின் அண்ணன் காணாமல் போனவர். காணாமல் போனவர்களைத் தேடித் தெருவோரம் படத்தோடு உட்கார்ந்திருப்பவர்களோடு தவராசாவும் உட்கார்ந்தார். அதற்காக அவரை மிரட்டினார்கள். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து. மனைவி சுகந்தியும் சின்ன மகளும் வேறு ஊரில் ஒரு மாமி வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள். இவர் இங்கே ஏற்கப்பட்டால் அவர்களும் வரலாம். மறுக்கப்பட்டால் இவரை விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

வக்கீல் முதல் கேள்வி கேட்டாள். "உங்கள் நாட்டை விட்டு ஏன் வந்தீர்கள்?"

தவராசா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, நான் ஒருத்தருக்கும் பாரமா இருக்க மாட்டன். மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் திருத்துவன். ஹேவர்டில ஒரு கராச்சில வேலை தாறம் எண்டு சொல்லியிருக்கினம். ஒழுங்கா வரி கட்டுவன். இங்கிலீசும் படிக்கிறன்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததைப் பார்த்துக்கொண்டே நான் மொழிபெயர்த்தேன். அவள் கேள்வியை மாற்றிக் கேட்டாள். அவர் இன்னும் உற்சாகமாக வேலையைப் பற்றியே சொன்னார். அரசாங்கத்து வக்கீல் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் மூன்றே கேள்வி.

"அமெரிக்காவில் நல்ல வேலை கிடைக்கும் என்று தெரியும், இல்லையா?"

"ஓம் ஐயா."

"அந்த வேலை உங்களுக்கு வேண்டும்?"

"கட்டாயம் ஐயா. நாளைக்கே தொடங்குவன்."

"வேலைக்காகத்தான் இங்கே இருக்க விரும்புகிறீர்கள்?"

"ஓம், வேலை செய்யத்தான் விருப்பம்" என்று அவர் சொன்னபோது முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் சிரிப்பு. இவர் தன் கழுத்தில் தானே கயிறு மாட்டுகிறார், அதை நான் அழகான இங்கிலீஷில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை, "தம்பி, இது வேலைக்கான இன்டர்வியூ இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஃபைலில் என்ன?"

தவராசா பெருமையோடு நீட்டினார். ஜட்ஜ் பிரித்தார். முதல் பக்கத்தில் தவராசாவின் வேலை அனுபவம், திறமைகள், வாழ்க்கை லட்சியம் எல்லாம் இருந்தது. கலர் ஒட்டுத்தாள்கள். ஜட்ஜ் ஒரு மூலையை விரலால் தடவி, "இது என்ன மஞ்சள் கறை?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். ஆனால் அந்த ஒட்டுத்தாளில் இருந்த எழுத்து, எங்கள் வீட்டு மசாலா டப்பாக்களில் இருக்கும் அதே எழுத்து.

எங்கள் தொழிலில் இதற்கு விதி உண்டு. வழக்கோடு நமக்கு எந்தத் தொடர்பு தெரியவந்தாலும் அந்த நிமிடமே கோர்ட்டில் சொல்லிவிடவேண்டும். சொன்னால் என்ன ஆகும்? வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று யாராவது கேட்டால் விசாரணை ஒத்திப்போகும். அடுத்த தேதி கிடைக்க வருடக்கணக்கு ஆகலாம். அந்த மாமி வீட்டில் ஒரு பெண்ணும் குழந்தையும் அத்தனை நாள் ஒளிந்திருக்கவேண்டும். சொல்லாவிட்டால், பிறகு தெரியவந்து முழு விசாரணையும் செல்லாது என்றாகும். சண்முகத்தை மனதுக்குள் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"மொழிபெயர்ப்பாளர் கோர்ட்டுக்கு ஒன்று தெரிவிக்கவேண்டும். இந்த ஃபைலில் இருப்பது என் கணவரின் கையெழுத்து. இவரை நான் இன்றுதான் பார்க்கிறேன். இந்த வழக்கைப் பற்றி வீட்டில் எதுவும் தெரிந்துகொள்ளவில்லை."

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "உங்கள் கணவர் வக்கீலா?"

"இல்லை. சாஃப்ட்வேர் என்ஜினீயர்."

"இவர் வழக்குக்கு ஏன் ஃபைல் தயாரித்தார்?"

"வேலை விசாவுக்குப் போகிறவர்களுக்கு இப்படித் தயாரித்துக் கொடுப்பது அவர் பழக்கம். அவருக்குத் தெரிந்த இன்டர்வியூ அது ஒன்றுதான்." கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கடைசி வாக்கியத்தில் மனைவியின் எரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

நடந்த பேச்சை எல்லாம் தவராசாவுக்கும் தமிழில் சொல்லவேண்டும் அல்லவா? சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ! சண்முகம் அண்ணையின்ர மனுசியோ நீங்கள்! வணக்கம் அக்கா! அண்ணை சுகமா இருக்கிறாரோ?"

அதையும் இங்கிலீஷில் சொன்னேன். வேறு வழி? அரசாங்கத்து வக்கீல் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். நானே தொடரலாமா என்று ஜட்ஜ் இரண்டு பக்கத்தையும் கேட்டார். இளம்பெண் உடனே ஆட்சேபம் இல்லை என்றாள். அரசாங்கத்து வக்கீல் என்னைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், பிறகு "ஆட்சேபம் இல்லை" என்றார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் என் நன்றி உண்டு.

ஜட்ஜ் ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்தார். "இதை மறந்துவிடுங்கள். வேலையைப் பற்றிப் பேசச் சொன்னது யார்?"

"அண்ணாமார் சொன்னவை ஐயா. அவை எல்லாரும் கிரீன் கார்டு எடுத்த ஆக்கள். இந்த நாட்டுக்கு நாங்கள் பிரயோசனமான ஆக்கள் எண்டு காட்டோணும் எண்டவை. அங்க சொத்திருக்கு எண்டு வாயே திறக்கக் கூடாது, பிறகு திரும்பிப் போவாய் எண்டு நினைப்பினம் எண்டவை."

"சரி. ஹேவர்டில் வேலை இல்லை. அமெரிக்காவில் எங்கேயுமே உங்களுக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்வீர்கள்?"

தவராசா அந்தக் கேள்விக்குத் தயாராகி வரவில்லை.

"சும்மா இருப்பன் ஐயா. எனக்கு அங்க வேலை இருந்தது. சொந்தக் கராச் இருந்தது, ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுத்தனான். உழைக்க வாறவன் கடையை வித்துப்போட்டெல்லோ வருவான்? நான் திறந்தபடி விட்டிட்டு வந்தனான்."

தவராசா மெதுவாகத் தொடர்ந்தார். ஒரு காலை, முன்பின் தெரியாத இரண்டு பேர் கடைக்கு வந்து வாங்கில், நம் ஊர் பெஞ்சில், உட்கார்ந்தார்கள். அண்ணனின் படத்தை வைத்துக்கொண்டு தெருவில் இருக்கிறாயே, அண்ணனிடமே கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறம், வேலையை முடிச்சு வை" என்று எதிர்க்கடைக்குப் போனார்கள். இவர் ஒரு சைக்கிளின் சங்கிலியைப் பாதி மாட்டியிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பின்பக்கமாக நடந்தார். நடந்துகொண்டே இருந்தார்.

"கதவு சாத்தினா அவைக்குச் சத்தம் கேக்கும் ஐயா."

இதை நான் 'நான்' என்று சொன்னேன். "நான் கையைத் துடைத்தேன், நான் நடந்தேன், நான் கதவைச் சாத்தவில்லை." அந்த டிவி விவாதங்களில் இப்படிப்பட்டவர்களை இரண்டு பெட்டியில் போட்டுப் பிரிப்பார்கள், பயந்து வந்தவர் ஒன்று, பிழைக்க வந்தவர் ஒன்று என்று. பயந்து ஓடிவந்தவனுக்கும் மறுநாள் காலையில் பசிக்கும். அவனும் வேலை கேட்பான். கேட்டதனாலேயே அவன் பயம் பொய்யாகிவிடுமா?

மத்தியானம் ஜட்ஜ் தீர்ப்பை வாயாலேயே சொன்னார். நீளமான, சட்டம் நிறைந்த இங்கிலீஷ். தவராசா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படுகிறது" என்று நான் தமிழில் சொல்லி முடித்தபோது அவர் அழவில்லை. "அப்ப சுகந்தியும் பிள்ளையும் வரலாமோ?" என்று மட்டும் கேட்டார். வரலாம் என்று ஜட்ஜ் சொன்னார், நான் சொன்னேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதது நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவராசா ஒரு பெட்டி லட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, உங்கட ஃபைலைப் பாத்து ஜட்ஜே கேள்வி கேட்டவர்!" என்றார். மனிதர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. சண்முகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா மல்லி? Presentation matters! நீ என்னமோ இதெல்லாம் வேஸ்ட்னு சொல்லுவியே!"

கோர்ட்டில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது. நான் உள்ளே போய்க் காபி போட்டேன். கொஞ்சம் சத்தமாகவே டம்ளரை வைத்தேன்.

சுகந்தியும் மகளும் வந்து சேர இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஏர்போர்ட்டுக்கு எங்கள் வேனில்தான் போனோம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று ஏற்பாடு. தவராசாவைப் பார்த்ததும் மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். சுகந்தி சிரித்தாள், அவர் சிரித்தார், பெட்டிகளை ஏற்றினோம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சண்முகம் ஓட்ட, தவராசா முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் பெண்கள் பின்னால். பாலம் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது.

ஃப்ரீவேயில் ஏறியதும் சுகந்தி என் பக்கம் குனிந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் வேனில் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, கோர்ட்டில இவர் கதைச்சதை நீங்கள்தானே இங்கிலீசில சொன்னனீங்கள்? ஒரு சொல்லும் சொல்லாமல் ஏன் போனவர் எண்டு அங்கயாவது சொன்னவரோ? கடையில நிண்ட மனுசன். வீடு கூப்பிடு தூரம். எட்டிப் பாத்து ஒரு சொல் சொல்லேல்ல. போனில கேட்டால் வேற கதை கதைப்பார். நாலு வருசமா நானும் யோசிக்கிறன்."

அதை அன்று கோர்ட்டில் யாருமே கேட்கவில்லை. ஜட்ஜ் கேட்கவில்லை, வக்கீல்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "முன்னாடிதானே உக்காந்திருக்காரு. அவரையே கேளு."

அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டியும் இருக்கவில்லை. தவராசா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டை வந்திருந்தால் எனக்குப் பின்னால அவையும் வந்திருப்பினம். நீ பிள்ளைக்குச் சீப்பால தலை இழுத்துக்கொண்டு இருந்திருப்பாய். அதால மற்றப் பக்கம் நடந்தனான்."

அதன்பிறகு அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வாங்கில் உட்கார்ந்தவர்கள், தேத்தண்ணி, சைக்கிள் சங்கிலி, நடந்த வழி, ஒளிந்த இடங்கள். கோர்ட்டில் சொன்னது கொஞ்சம், சொல்லாதது அதிகம். எங்கள் மௌரி அவென்யூ எக்ஸிட் வந்தது, போனது. சண்முகம் வண்டியைத் திருப்பவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் எக்ஸிட்டை ஞாபகப்படுத்தவில்லை. சுகந்தி முன்னால் சாய்ந்து, சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, புருஷனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.